முதுமாணி ஆய்வேட்டுக்கான ஆய்வு முறையையும் எழுத்தையும் எப்படிப் பழகுவது?

முறையியல் பாடத்தில் நல்ல புள்ளி வந்தும் ஆய்வேட்டைத் தொடங்கக் கை வரவில்லை, எந்தப் புத்தகம் வாசிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே கதைதான். புத்தகத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு கிணற்றடிக்குப் போய் வருவோம்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் முதுமாணி படித்தவள் நான். முதல் கொண்டுபோன தலைப்பு ‘யாழ் குடாநாட்டின் விவசாயமும் நிலத்தடி நீர் மாசடைதலும்’. மேற்பார்வையாளர் வாசித்துவிட்டு, “பிள்ளை, இதை முடிக்க உமக்கு எத்தனை வருசம் தந்திருக்கினம்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமை குடாநாடு போய், அதில் ஓர் ஊரான கோப்பாய் வந்தது. பிறகு விவசாயம் போய்ச் சின்ன வெங்காயம் வந்தது. கடைசியில் நின்ற கேள்வி இதுதான்: வெங்காயம் வைக்கிறவர்கள் உரத்தின் அளவை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? எனக்கு அது சின்னக் கேள்வியாகப் பட்டது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அதற்குத்தான் என்னால் பதில் தேட முடிந்தது.

வினாக்கொத்தில் 42 கேள்விகள். ஒன்று இப்படி: ‘பரிந்துரைக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக யூரியா பாவிக்கிறீர்களா? ஆம் / இல்லை’. முன்னோடி ஆய்வுக்காகப் பத்துப் பேரிடம் கேட்டேன். பத்துப் பேரும் ‘இல்லை’. எனக்குச் சந்தோசம், தரவு அவ்வளவு ஒழுங்காக வருகிறதே! பதினோராவது ஆள் ஒரு வயதான ஐயா. இறைப்பு மெசினை நிப்பாட்டிவிட்டு வந்து, தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “பிள்ளை, உப்பிடிக் கேட்டா ஆர் ஓமெண்டு சொல்லுவினம்? போன போகத்துக்கு எத்தினை பை வாங்கினனெண்டு கேளும், சொல்லுறன்.”

அன்றிரவு அந்தக் கேள்வியைக் கிழித்து நாலாக்கினேன். போன போகம் எத்தனை பரப்பு வெங்காயம்? யூரியா எத்தனை பை? எத்தனை தரம் போட்டீர்கள்? அந்த அளவை ஆர் சொன்னது? முதல் தாளில் காணியை ஹெக்டேயரில் கேட்டிருந்தேன், பதில் சொன்னவர் எவருமில்லை. இங்கே காணி பேசுவது பரப்பில்தான். 16 பரப்பு ஒரு ஏக்கர், மாற்றிக் கணக்குப் பார்ப்பது என் வேலை, அவர்களுடையதல்ல. புதுத் தாளோடு போனபோது பைக்கணக்கு வந்தது. 50 கிலோப் பையைப் பரப்பால் பிரித்துப் பார்த்தால், ‘இல்லை’ என்ற பத்துப் பேரில் ஆறு பேர் கூடத்தான் போட்டிருந்தார்கள். ‘ஆர் சொன்னது’ என்ற நாலாவது கேள்விதான் பிறகு ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமாயிற்று.

சமூகம் விரும்பும் பதிலைச் சொல்லும் இந்தச் சாய்வைப் பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். ஆனால் கண் முன்னால் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆகவே முன்னோடி ஆய்வை ஒப்புக்குச் செய்யாதீர்கள். தாள் எங்கே உடைகிறது என்று பார்க்கத்தான் அது.

மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரைக் கேட்பது என்பது பற்றி ஒரு மனக்குறை. 1970இல் கிரெய்சியும் மோர்கனும் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்து, மொத்தம் ஆயிரம் பேர் இருந்தால் 278 பேரை, பெருந்தொகையானால் 384 பேரைக் கேட்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறோம். அந்த எண் எழுமாற்று மாதிரிக்கானது, அதாவது பட்டியலில் இருந்து குலுக்கல் மாதிரி ஆட்களை எடுப்பதற்கானது. கண்ணில் பட்டவர், சொந்தக்காரர், கூடப் படிப்பிக்கிறவர் என்று 384 பேரைச் சேர்த்தால் அந்த எண்ணுக்கு ஒரு மதிப்புமில்லை. எனக்குக் கிடைத்த விவசாயிகள் பட்டியலில் மூன்று பேர் கனடாவில், ஒருவர் காலமாகி இரண்டு வருசம். பட்டியல் எவ்வளவு பழையது, எத்தனை பெயரை ஏன் நீக்கினேன் என்பதை அப்படியே எழுதினேன். வாய்மொழிப் பரீட்சையில் அந்தப் பத்தியை ஒருவரும் தொடவில்லை.

இனி எழுத்து. என் இலக்கிய மீளாய்வின் (முந்திய ஆய்வுகளை அலசும் அத்தியாயத்தின்) முதல் வரைபு சலவைக்காரர் துண்டு மாதிரி இருந்தது: இன்னார் இந்த ஆண்டில் இதைச் சொன்னார், மற்றவர் அந்த ஆண்டில் அதைச் சொன்னார். அதை விட மோசம், யூரியா போன்ற உரத்திலிருந்து கிணற்று நீருக்குள் இறங்கும் நைத்திரேற்றின் அளவுகளை ஒரே அட்டவணையில் அடுக்கியிருந்தேன். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைத்திரேற்று-நைதரசனாக, அதாவது அதிலுள்ள நைதரசனின் எடையை மட்டும் கணக்கிட்டுச் சொன்னால் ஏறத்தாழ 11. சில கட்டுரைகள் முதல் வகையில், சில இரண்டாம் வகையில் எழுதியிருக்க, நான் அலகைப் பார்க்காமல் ‘முடிவுகள் முரண்படுகின்றன’ என்று ஒரு பந்தி வேறு எழுதிவிட்டேன். முரண்பட்டது என் கண்தான். மாரி மழைக்குப் பிறகு எடுத்த நீரையும் கடுங்கோடையில் எடுத்த நீரையும் பக்கத்தில் வைத்ததும் அதே அட்டவணையில்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கொப்பிப் பக்கம் ஒதுக்கினேன். என்ன கேட்டார்கள், எங்கே, எந்த மாதம், எத்தனை பேர் அல்லது எத்தனை கிணறு, என்ன அலகு, எதை அவர்கள் பார்க்கவில்லை. இருபது பக்கம் சேர்ந்ததும் ஆட்களை விட்டுவிட்டு விசயத்தை வைத்து எழுத வந்தது. ‘நீரை அளந்தவர்கள் பலர், உரம் போடுகிறவரிடம் ஏன் என்று கேட்டவர்கள் நான் வாசித்தவற்றில் இரண்டே பேர்’ என்ற வசனம் அப்படி வந்ததுதான். ஆய்வு இடைவெளி என்று நாம் தேடி அலைவது அந்த மாதிரி ஒரு வசனத்தை.

புத்தகம் கேட்டீர்கள். உங்கள் துறை நூலகத்தில் உள்ள பழைய ஆய்வேடுகளில் மூன்றை எடுத்து, முறையியல் அத்தியாயத்தை மட்டும் பென்சிலோடு வாசியுங்கள். இதை வைத்து அதே வேலையை நான் திருப்பிச் செய்யலாமா என்று ஒவ்வொரு பந்தியிலும் கேளுங்கள். ‘உரிய முறையில் தரவு சேகரிக்கப்பட்டது’ என்ற வசனம் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், பிறகு உங்கள் கை அதை எழுதாது. உங்கள் முறையியல் அத்தியாயத்தைத் தரவு எடுக்கிற நாட்களிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாரை ஏன் விட்டோம் என்பது மறந்துபோகும்.

உசாத்துணைகளை ஒழுங்காக வைக்கும் ஸொட்டெரோ (Zotero) என்ற மென்பொருளில் போடுங்கள், இலவசம். இன்னொன்று, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கிறீர்களென்றால் இன்றைக்கே யூனிகோட்டுக்கு மாறுங்கள். நான் அனுப்பிய முதல் அத்தியாயம் மேற்பார்வையாளரின் கணினியில் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தது. எழுத்துரு இல்லையென்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் திருத்தித் தருவார் என்று மூன்று கிழமை காத்திருந்தேன்.