1985 புகைப்படம் எந்த அரங்கம்?

அப்பாவின் ஆல்பத்தில் 'ஹாக்ஸ் ஆட்டம், வொல்லொங்கொங், 1985' என்று எழுதிய படம் இருக்கிறது (ஹாக்ஸ் என்பது ஆஸ்திரேலியாவின் வொல்லொங்கொங் நகரக் கூடைப்பந்து அணி), ஆனால் தேடினால் வின் என்டர்டெயின்மென்ட் சென்டர்தான் வருகிறது, அது 1998-இல்தானே திறந்தது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் சரிதான், அது கடற்கரையோரம் இருக்கும் பெரிய அரங்கம், அப்போது கட்டப்படவே இல்லை.

உள்ளூர் ஆட்டம் என்றால் படம் பெரும்பாலும் க்வின்வில் பகுதியில் பீட்டன் பார்க்கில் உள்ள பழைய கூடைப்பந்து அரங்கமாக இருக்கும், ஊர்க்காரர்கள் 'ஸ்னேக்பிட்' என்றே சொல்வார்கள். 1979-இல் தேசியக் கூடைப்பந்து லீக் தொடங்கியபோதே சேர்ந்த இல்லவாரா ஹாக்ஸ் புது அரங்கத்துக்குப் போகும்வரை அங்கேதான் ஆடியது. சின்ன இடம், கூட்டம் ஆடுகளத்தின் எல்லைக்கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கும், எதிரணிக்கு அங்கே வருவதென்றாலே தலைவலி. உங்கள் படத்திலும் ஆட்கள் ஆட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னாலேயே நெருக்கி உட்கார்ந்திருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. இடித்துவிட்டார்களோ என்று தேட வேண்டாம், இன்றும் உள்ளூர்ப் போட்டிகள் நடக்கின்றன.

எந்த ஆட்டம் என்று தெரிய வேண்டுமானால் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் (Trove) தளத்தில் 'கான்பெரா டைம்ஸ்' நாளிதழைப் பாருங்கள், 1995 வரையிலான இதழ்களை இலவசமாகப் படிக்கலாம். கான்பெரா கேனன்ஸ் அணியும் அதே லீக்கில் இருந்ததால் முடிவுகள் கிடைக்கும். அப்புறம் வொல்லொங்கொங் நகர நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்குப் படத்தின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.