நோட்டைக் காரிலேயே வைத்துவிடுங்கள்

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் குழந்தை நலச் செவிலியராக இருக்கிறீர்கள். குறிப்பெழுத நோட்டை எடுத்ததும் பூர்வகுடிப் பாட்டி எழுந்து போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் பழையது, சகோதரி. ஏறக்குறைய 1970 வரை அதிகாரிகள் காகிதத்தோடு வந்துதான் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அதற்காக 2008 பிப்ரவரி 13 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதனால் நெஞ்சுக்குள் இருப்பது ஆறிவிடுமா?

அடுத்த முறை பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரோடு போங்கள். மர நிழலில், எதிரே வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். நடந்ததைத் தோண்டிக் கேட்காதீர்கள். பேச்சு நின்றால் நிற்கட்டும். பேரன் மண்ணில் விளையாடுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். டேலி நதிக்கரை மூதாட்டி மிரியம் ரோஸ் உங்குன்மெர் பௌமன் இதைத்தான் ‘தடிரி’ என்கிறார்: ஆழ்ந்து, அமைதியாகக் கேட்பது.

பாட்டியின் மனம் உடையும் இரவுகளுக்கு 13 92 76 என்ற உதவித் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். எந்நேரமும் பூர்வகுடியினரே எடுத்துப் பேசுவார்கள்.