திமிங்கிலம் கதைக்குமா?

கேள்வி: நிலாவெளியில இருந்து போட்டில போனம், நாலஞ்சு ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடந்துது, ஒரு சத்தமும் இல்லை. அதுகள் கதைக்காதா அண்ணை?
– வாசகி, திருகோணமலை

பதில்: கதைக்கும் தங்கச்சி, தண்ணிக்குக் கீழ. மூக்குக்குள்ள இருந்து டிக் டிக் எண்டு அடிக்கும், இரை தேடேக்க ஒரே சீரா அடிக்கும், ஆனா தங்கட ஆக்களோட எண்டால் ஒரு தாளத்தில, அதுக்குப் பேர் கோடா. கரீபியன் கடல்ல டொமினிக்காப் பக்கம் இருக்கிறதுகள் டிக்... டிக்... டிக்-டிக்-டிக் எண்டு அடிக்கும், வேற கூட்டத்துக்கு வேற தாளம், எங்கட திருமலைக் கதையும் யாழ்ப்பாணக் கதையும் மாதிரி. குட்டிக்கு இது பிறக்கேக்கயே வராது, அம்மா அம்மம்மா பெரியம்மா எண்டு பொம்பிளையளின்ட கூட்டத்துக்குள்ள வளந்து கேட்டுக் கேட்டுத்தான் பழகும், எனக்கு அதிலதான் மனசு உருகிறது. அடுத்தமுறை கிட்டப் போனால் எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்கோ, அந்த இரைச்சல் அதுகளின்ட கதையை அமத்திப்போடும்.