கரு தங்காததற்குக் கருப்பை மட்டுமா காரணம்?

உங்கள் கடிதத்தைப் படித்தேன். இல்லை, அம்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இரண்டு முறை ஏழாவது வாரத்தில் கரு வளர்ச்சி நின்றதை வைத்து, உங்கள் கருப்பைக்குத் 'தாங்கும் சக்தி' இல்லை என்று வீட்டில் யாரும் தீர்ப்பு எழுத முடியாது. இருபத்தெட்டு வயதில் பஸ்ஸில் போனதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, உறவுக்குப் பின் விந்து வழிந்ததாலோ கரு கலைவதில்லை. பெரும்பாலும் கருவின் குரோமோசோம்களில் தற்செயலாக நேரும் பிழைதான் காரணம். அது யாருடைய குற்றமும் அல்ல.

"கணவரின் எண்ணிக்கை நார்மல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விந்துப் பரிசோதனை அறிக்கை விந்தணுக்களின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் ஆகியவற்றை மட்டுமே சொல்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. விந்தணு கொண்டுவரும் ஒரு நொதிதான் உறங்கும் முட்டையை எழுப்புகிறது. கார்டிஃப் ஆய்வாளர்கள் அதை 2002-இல் அடையாளம் கண்டார்கள். கரு முதன்முதலாக இரண்டாகப் பிரிவதற்கு உதவும் சென்ட்ரியோல் என்ற நுண்ணுறுப்பும் விந்தணுவிலிருந்தே வருகிறது. முட்டையில் அது கிடையாது. உங்கள் கரு ஏழு வாரம் வரை வளர்ந்ததால், இவை இரண்டும் சரியாகவே வேலை செய்திருக்கின்றன.

மிஞ்சுவது, விந்தணுவின் தலைக்குள் இறுக்கிச் சுருட்டப்பட்டிருக்கும் டி.என்.ஏ. அதன் இழைகள் முறிந்திருந்தால் ஓரளவுக்கு முட்டையே பழுது பார்க்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் கரு முட்டையின் சேமிப்பில்தான் ஓடுகிறது. நான்கு முதல் எட்டு செல் கட்டத்தில் அதன் சொந்த மரபணுக்கள் விழிக்கின்றன. பழுது பார்க்கப்படாத முறிவுகள் அதற்குப் பிறகுதான் தொல்லை கொடுக்கும். அதனால் எண்ணிக்கை நன்றாக இருந்தும் கரு நின்றுபோகலாம்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "மாலையில் அவருக்கு இடது விதைப்பை கனக்கிறது, வீங்குகிறது, காட்ட வெட்கப்படுகிறார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கவலை அதுதான். விதைப்பையின் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் வெரிகோசீலாக அது இருக்கலாம். தொட்டால் புழுக்கள் நெளிவது போல இருக்கும். விந்தணுவின் டி.என்.ஏ முறிவுக்கு அது ஒரு முக்கியக் காரணம், சரிசெய்யவும் முடியும். சிறுநீரியல் (யூராலஜி) நிபுணர் அவரை நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லிக் கையாலேயே கண்டுபிடித்துவிடுவார். படுத்த பிறகும் வீக்கம் வற்றவில்லை என்றாலோ, வலியில்லாத கெட்டியான கட்டி தட்டுப்பட்டாலோ இந்த வாரமே போக வேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

இணையத்தில் பார்த்து அவருக்கு வரவழைத்த துத்தநாக, ஃபோலிக் அமில மாத்திரைகளை நிறுத்துங்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஆண்கள் ஆறு மாதம் இதே இரண்டையும் சாப்பிட்டும் குழந்தைப்பேறு கூடவில்லை, டி.என்.ஏ முறிவுதான் சற்று அதிகமானது. காசு கொடுத்துக் கெடுதலை வாங்குவானேன்? உங்களுக்கு மருத்துவர் தந்த ஃபோலிக் அமிலம் வேறு விஷயம், அதைத் தொடருங்கள். கர்ப்பத்தைத் தாங்க உதவும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

உங்கள் இரத்தப் பரிசோதனைகளில் ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை (இரத்தத்தை உறையச் செய்து கருவைக் கலைக்கக்கூடிய எதிர்ப்பொருட்களைத் தேடும் சோதனை) இருந்ததா என்று பாருங்கள். மாறுதல் தெரிந்தால் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். அவருக்குச் சிகிச்சை தேவைப்பட்டால், புதிய விந்தணுக்கள் உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும், அதுவரை பொறுங்கள். மருத்துவரிடம் போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போய், மருத்துவர் சொல்வதை நேரில் கேட்கச் செய்யுங்கள்.