மகளை வெளிநாட்டு ஐஸ் ஸ்கேட்டிங் போட்டிக்கு அனுப்பப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. ராமநாதபுரத்தில் இன்லைன் ஸ்கேட்டிங் பழகுகிறாள். மாவட்ட அளவில் பதக்கம் வாங்கியிருக்கிறாள். நேபாளத்தில் நடக்கும் 'உலக ஐஸ் ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்'பில் அவளை இந்திய அணியில் சேர்ப்பதாக ஒருவர் சொல்கிறார். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிச்சயமாம். 1,75,000 ரூபாய் கேட்கிறார். வீட்டுக்காரருக்குப் படகுத் தொழில். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கட்டாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஐஸ் ஸ்கேட்டிங்கில் இந்தியா சார்பாக வீரர் பெயரை அனுப்பும் உரிமை இந்திய ஐஸ் ஸ்கேட்டிங் சங்கத்துக்கு மட்டுமே உண்டு. உலகப் போட்டிகளை நடத்துவது சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம். தனி ஆளோ, கிளப்போ, டிராவல்ஸோ பெயர் கொடுத்தால் அது ஏற்காது. தேசியப் போட்டியில் ஓடி, தேர்வு முகாமுக்குப் போய், குறித்த நேரத்துக்குள் ஓடிக் காட்டிய பிறகுதான் பெயர் போகும். 12 வயதுக் குழந்தை உலக சாம்பியன்ஷிப்பில் ஓட வயது விதியே இடம் தராது. ஜூனியர் பிரிவிலும் இல்லை. வயதை ஜூலை 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுவார்கள். அவர் சொன்னது பொய் என்று காட்ட இந்த ஒன்றே போதும்.

உங்கள் மகள் ஓடுவது சக்கரத்தில். அதற்குச் சங்கம் வேறு: இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு. 2025-இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்ற நம் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமார் ஓடியதும் சக்கரத்தில்தான். இந்த இரண்டையும் குழப்பித்தான் இடைத்தரகர்கள் காசு பார்க்கிறார்கள். ரோலர் பதக்கத்தைக் காட்டி ஐஸ் அணியில் இடம் என்பார்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம் என்பதால், எந்தப் போட்டி, யார் அழைத்தார்கள் என்று வழியில் எவரும் கேட்க மாட்டார்கள். பனி என்று சொல்லிக் கூட்டிப்போய்ச் சிமென்ட் தரையில் ஓடவிட்டால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். முதலாவது, ஓடுதளத்தின் சுற்று எத்தனை மீட்டர்? நீள்தட ஓட்டம் என்றால் 400 மீட்டர். இரண்டிரண்டு பேராக, ஒவ்வொரு சுற்றிலும் தடம் மாறி, கடிகாரத்தோடு போட்டி. குறுந்தடம் என்றால் 60-க்கு 30 மீட்டர் அரங்கில் 111.12 மீட்டர் சுற்று; பலர் ஒன்றாக ஓடி, யார் முந்துகிறார் என்பதே கணக்கு. இது தெரியாமல் விழிப்பவர் உங்கள் பிள்ளையை எங்கே கூட்டிப்போகப் போகிறார்? இரண்டாவது, போட்டியின் பெயர் சர்வதேச சங்கத்தின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா? மூன்றாவது, படிவம் 1-இல் கையெழுத்துப் போடுவது யார்? விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டிக்கான சான்று அந்தப் படிவம்தான். அதைத் தர வேண்டியவர் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர். தங்க நிறத்தில் அச்சடித்த சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டலாம், வேலைக்கு உதவாது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. இடம் 'நிச்சயம்' என்பது எந்தச் சான்றிதழுக்கும் இல்லை.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். பணம் கேட்டாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முறையாகத் தேர்வான வீரரும் விமானக் கட்டணம், தங்குமிடம், உடை என்று சொந்தக் காசு போட்டு வெளிநாடு போவது இந்த விளையாட்டில் சாதாரணம். 'அரசுக்குச் செலவில்லாமல்' என்றே அனுமதிக் கடிதங்களில் எழுதுவார்கள். வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. முறையான பயணத்தில் முதலில் தேர்வு, அடுத்து பெயர்ப் பட்டியல், கடைசியில் செலவுக் கணக்கு. மோசடியில் பணம் முதலில். அதோடு, உண்மையான செலவு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கோ நேரே டிக்கெட்டுக்கோ போகும், ரசீது வரும். தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகாது. தேர்வான கடிதம் கையில் இருந்து, டிக்கெட்டை நீங்களே எடுக்கும் நிலை வந்தால், அப்போது கடன் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழ் அசலையும் எந்த நிலையிலும் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள்.

இப்படிப்பட்டவர்கள் இத்தனை தைரியமாகத் திரிவதற்கு நிர்வாகமும் காரணம். செயற்கையாக உறையவைத்த 400 மீட்டர் தடம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. டேராடூன் பனி அரங்கம் 2011 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டி, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2025-இல்தான் மறுபடி திறந்தது. லடாக்கின் லேயில் குளிர்காலத்தில் உறையும் குளத்தில் ஓடுகிறார்கள். எந்தப் போட்டி அங்கீகாரம் பெற்றது என்று ஊர்க்காரர் ஒருவர் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு பக்கம்கூட வெளியிடவில்லை. மீனுக்கு ஐஸ் உடைக்கும் ஊர்ப் பிள்ளை பனியில் ஓட ஆசைப்பட்டால், வழி சொல்ல வேண்டியவர்கள் வாய் திறப்பதில்லை. அந்த இடத்தில்தான் தரகர் வந்து நிற்கிறார்.

மகளின் ஆசை வீண் இல்லை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 500 மீட்டர் தங்கம் வென்ற அமெரிக்காவின் எரின் ஜாக்சனும், எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் 'மாஸ் ஸ்டார்ட்' ஓட்டத்தில் தங்கம் வென்ற பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் சக்கரத்திலிருந்து பனிக்கு வந்தவர்கள். தாழக் குனிந்து நிற்பது, பக்கவாட்டில் உந்துவது, வளைவில் காலுக்கு மேல் கால் போடுவது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். இப்போதைக்கு ரோலரில் மாநில, தேசியப் போட்டிகளுக்கு முறையாகப் போகட்டும். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, அந்த ஆள் கொடுத்த நோட்டீஸைக் காட்டுங்கள்.

அவர் 'ஐஸ் ஷூ' விற்க வந்தாலும் வாங்காதீர்கள். குதிகால் பக்கம் பிளேடு விலகித் திறக்கும் கிளாப் ஸ்கேட் நீள்தடத்துக்கு. குறுந்தடத்தில் அதை அனுமதிப்பதில்லை. வளரும் காலுக்கு வாங்கினால் அடுத்த வருடமே சேராது. பிளேடு துருப்பிடிக்கும் எஃகு. நம் உப்புக் காற்றில் துடைக்காமல் இரண்டு நாள் வைத்தாலே புள்ளி விழும். தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் அதன் வளைவு கெட்டுப்போகும். இரண்டு பிளேடையும் சேர்த்துச் சட்டத்தில் பூட்டி, கல்லால் கையாலேயே தீட்ட வேண்டும். அந்தப் பணத்தில் இப்போதைய ஸ்கேட்டின் பேரிங்கை மாற்றுங்கள். கடற்கரையில் முதலில் இறுகுவது அதுதான். ஓடி முடித்ததும் சக்கரத்தைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, பேரிங்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.