கண்ணாடிக்குள் ஒளி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கண்ணாடிக்குள் நுழையும்போது ஒளி ஏன் திசை மாறுகிறது?

பதில்: வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளியின் வேகம், ஒளிவிலகல் எண் (வெற்றிடத்தைவிட ஒரு பொருளில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்ற அளவு) 1.5 உள்ள கண்ணாடியில் 2 லட்சமாகக் குறைகிறது. சாய்ந்து வரும் அலைமுகப்பின் (ஒளியலையின் முன்விளிம்பின்) ஒரு முனை கண்ணாடிக்குள் புகுந்து மெதுவாகிவிட, மறுமுனை இன்னும் காற்றில் விரைந்துகொண்டிருப்பதால், அலைமுகப்பு திரும்பிவிடுகிறது. கோணங்களைப் பரப்புக்கு வரையும் செங்குத்துக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும்; பரப்பிலிருந்து அளந்தால் எல்லாம் பிழையாகும்.

கேள்வி: சன்னல் கண்ணாடியில் வெளியிலிருந்து மிகச் சாய்வாக ஒளியைப் பாய்ச்சினால் முழு அக எதிரொளிப்பு, அதாவது உள்ளே உள்ள ஒளி சற்றும் வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புவது, நிகழுமா?

பதில்: நிகழாது. எவ்வளவு சாய்ந்து நுழைந்தாலும், உள்ளே விலகு கோணம் மாறுநிலைக் கோணமான 41.8 டிகிரியை எட்டாது; அந்தக் கோணத்தைத் தாண்டிப் பட்டால்தான் ஒளி முழுவதும் உள்ளே திரும்பும். இணையான மறுபரப்பிலும் அதே கோணத்தில் படுவதால், கதிர் வெளியேறியே தீரும்.

கேள்வி: கானல் நீர் எப்படித் தோன்றுகிறது?

பதில்: அது காற்றடுக்குகளின் கதை, வேறொரு நாள் கேளுங்கள்.

கேள்வி: செங்கோண முப்பட்டகத்தில் வெள்ளிபோல் மின்னும் பரப்பை வெளிப்புறமாக விரலால் தொட்டால், ரேகைகள் மட்டும் இருண்டு தெரிவது ஏன்?

பதில்: இன்றைய கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். 45 டிகிரியில் படும் ஒளி முழுவதும் திரும்பினாலும், பரப்புக்கு அப்பால் காற்றில் ஒரு மெல்லிய அலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ ஓர் அலைநீளத் தொலைவுக்குள், அதாவது மில்லிமீட்டரில் 2,000இல் ஒரு பங்குக்குள், அது தேய்ந்துவிடும். கண்ணாடியைத் தொடும் ரேகை மேடுகள் அந்த எல்லைக்குள் வந்துவிடுவதால் ஒளி தோலுக்குள் சென்றுவிடுகிறது. பள்ளங்களில் காற்று இருப்பதால் அங்கே மின்னல் குறைவதில்லை.

கேள்வி (அவரே): ஒளி வெளியே எட்டிப் பார்க்கிறது என்றால், ‘முழு’ என்ற சொல்லே பொய்யல்லவா?

பதில்: இல்லை. எட்டிப் பார்ப்பது வேறு, வெளியேறுவது வேறு. அப்பால் காற்று மட்டுமே இருக்கும்வரை, அந்த அலை ஆற்றலை வெளியே கொண்டுசெல்வதில்லை.

கேள்வி (மீண்டும் அவரே): வாங்கிக்கொள்ள ஆள் வந்தால்தான் கொடுக்கும் என்பது சமாளிப்பாகப் படுகிறதே?

பதில்: சமாளிப்பன்று, சோதனையில் கண்டது. இரண்டு முப்பட்டகங்களை அழுத்திச் சேர்த்தபோது, அவை தொட்ட இடத்தில் ஒளி தடையின்றி ஊடுருவியதை 1704இல் வெளிவந்த நூலிலேயே நியூட்டன் பதிவு செய்துள்ளார். பிரித்துவிட்டால் மீண்டும் முழு எதிரொளிப்புதான். எனவே அச்சொல் காற்றை எல்லையாகக் கொண்ட கண்ணாடிக்குப் பொருந்தும். விரல் வைத்த கண்ணாடிக்குப் பொருந்தாது.

கேள்வி: கண்ணாடிக்குள் பரப்போடு 30 டிகிரி சாய்ந்து வரும் கதிர், 41.8க்குக் குறைவாக இருப்பதால் வெளியேறிவிடும்தானே?

பதில்: செங்குத்துக் கோட்டிலிருந்து, செங்குத்துக் கோட்டிலிருந்து! படுகோணம் 60 டிகிரி. கதிர் உள்ளேயே திரும்பும்.

கேள்வி: வானவில்லும் முழு அக எதிரொளிப்புதானே?

பதில்: அன்று. சன்னலுக்குச் சொன்னதே உருண்டைத் துளிக்கும் பொருந்தும்: வெளியிலிருந்து நுழைந்த கதிர் பின்பரப்பிலும் மாறுநிலைக் கோணத்துக்குக் குறைவாகவே படுகிறது. பெரும்பகுதி வெளியேறிவிட, திரும்பிய சிறு பகுதியைத்தான் நாம் வானவில்லாகக் காண்கிறோம்.