70 வயது தாண்டிய அப்பா அம்மாவுடன் காசிக்குப் போகிறேன். கோவில் பக்கமா, கண்டோன்மென்டா, அஸ்ஸியா, எங்கே அறை எடுப்பது?

கேதார் காட், அனுமான் காட் (காட் என்றால் கங்கைப் படித்துறை) இரண்டுக்கும் நடுவில், சோனார்புரா மெயின் ரோட்டிலிருந்து ரொம்ப உள்ளே போகாத ஒரு லாட்ஜ். இதுதான் என் பதில். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் ஒன்று கிளம்பிவிட்டது, அதனால் மீதியும் எழுதுகிறேன்.

நீங்கள் வயதை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். மற்றதை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஒருவருக்கு முட்டி வலி, இன்னொருவருக்கு சுகர், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும், "எனக்கு ஒண்ணுமில்லை, நான் நடப்பேன்" என்று வீறாப்பாகக் கிளம்பிவிட்டுப் பாதி வழியில் ஏதாவது கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். இப்படி எதுவும் இல்லையென்றால் ரொம்ப சந்தோஷம், நீங்கள் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம், இந்தப் பதில் உங்களுக்கு இல்லை.

எங்கள் பயணத்தில் அறை போட்டது நான் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன். "நீ கூட்டிட்டுப் போ, தங்குற செலவு என்னுது" என்று சொல்லி, கண்டோன்மென்டில் பெரிய ஓட்டலாகப் பார்த்துப் பணமும் கட்டிவிட்டார். கண்டோன்மென்ட் என்பது வெள்ளைக்காரன் காலத்து ராணுவக் குடியிருப்பு. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வடமேற்கே இருக்கிறது. அகலமான ரோடு, மரங்கள், லிஃப்ட், காலையில் பஃபே. அந்த இடத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. அலுவலக வேலையாகப் போகிறவர்களுக்கும், முக்கியமாகச் சாரநாத் பார்க்கப் போகிறவர்களுக்கும் அதுதான் வசதி. (கண்டோன்மென்ட் ஓட்டல்காரர்கள் யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்னால் இதைச் சொல்லிவைக்கிறேன்.)

மேப்பில் பார்த்தால் அங்கிருந்து கோவிலுக்குப் பக்கத்திலிருக்கும் கோதௌலியா நாற்சந்தி ஐந்தாறு கிலோமீட்டர்தான். அண்ணனும் அதைத்தான் சொன்னார், "கார்ல கால் மணி நேரம்". ஆனால் காசியில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. வண்டி எதுவரைக்கும் வரும் என்பதுதான் கணக்கு. கோதௌலியாவை நெருங்கும்போதே போலீஸ் தடுப்பு வைத்திருப்பார்கள். சாவன் மாதத்துத் (நம் ஆடி, ஆவணி வாக்கில் வருவது) திங்கட்கிழமையாகவோ ஏதாவது பண்டிகையாகவோ இருந்தால் இன்னும் வெகு தூரத்திலேயே இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு தசாஸ்வமேத் காட் வரைக்கும், கோவில் வாசல் வரைக்கும், மாடு, மோட்டார் சைக்கிள், யாத்திரைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் நடைதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான பிரச்சினை வேறு. காசியில் ஒரு நாள் என்பது இரண்டு துண்டாகத்தான் இருக்கும். கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது, ஊர் முழுக்க மேற்குக் கரையில், அதனால் சூரியன் எதிர்க்கரையில் உதிக்கும். குளியல், தரிசனம், படகு எல்லாம் விடியற்காலையில். விஸ்வநாதருக்கு மங்கள ஆரத்தியே காலை மூன்று மணிக்கு. அப்புறம் சாயங்காலம் கங்கை ஆரத்தி. நடுவில் பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் வயதானவர்களுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. சாப்பிட வேண்டும், மாத்திரை போட வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். அதற்கு அறை பக்கத்தில் இருக்க வேண்டும். கண்டோன்மென்டுக்குத் திரும்பிப் போய்விட்டு மறுபடி சாயங்காலம் வருவது நடக்கிற காரியம் இல்லை. ஒருமுறை போனால் அப்பா திரும்பக் கிளம்ப மாட்டார்.

முதல் நாள் அதுதான் நடந்தது. தரிசனம் முடிந்தது, டிபன் ஆயிற்று, ஆரத்திக்கு இன்னும் முழுப் பகல் இருக்கிறது, அப்பாவுக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும். எங்கே போவது? கடைசியில் ஒரு புடவைக் கடைக்காரர் மாடியில் இருக்கும் பாத்ரூமைக் காட்டினார். நல்ல மனிதர், விசிறி போட்டு உட்காரவும் வைத்தார், டீ வந்தது, அப்புறம் புடவைகளும் ஒவ்வொன்றாக வந்தன. அம்மாவுக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. பாத்ரூம் போனதற்காகப் பனாரஸ் பட்டு வாங்கிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். புடவை நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றிப் புகார் இல்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வாத்தியாருக்குப் போன் செய்தேன், மறுநாள் சிராத்தத்துக்கு நேரம் கேட்க. அனுமான் காட்டில் இருப்பவர், தலைமுறைகளாகக் காசிவாசி, தமிழ் மட்டும் அப்படியே தஞ்சாவூர். "கண்டோன்மென்ட்லயா தங்கியிருக்கேள்? விடிகார்த்தால ஸ்நானம் பண்ணி ஈரத்தோட அங்கேர்ந்து எப்படி வருவேள்? பெட்டியை எடுத்துண்டு இங்கே வந்துடுங்கோ" என்றார். அவரே ஒரு இடமும் சொன்னார். அண்ணன் கட்டிய பணம் திரும்ப வராது என்று ஓட்டலில் சொல்லிவிட்டார்கள். சரி, போகட்டும் என்று கிளம்பிவிட்டோம்.

கேதார் காட் பக்கத்து அறை சுமார்தான். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது, குரங்குக்காக ஜன்னல் முழுக்கக் கம்பி. ஆனால் அம்மா மறுநாள் காலையிலேயே தனியாகப் போய் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு திரும்பி வந்துவிட்டார், என்னை எழுப்பக்கூட இல்லை. அப்பா மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார். சாயங்காலம் கேதார் காட்டிலிருந்து ஒரு படகு பேசினோம், தசாஸ்வமேத் ஆரத்தியைப் படகில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள், கூட்டத்தில் நிற்கவே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பக்கம் தங்கலாம்.

"காசிக்குப் போயும் தமிழ்க்காரத் தெருவையும் ரசத்தையும் தேடுகிறீர்களே" என்று யாராவது கமென்ட் போடுவீர்கள், தெரியும். நானும் கச்சோரி சாப்பிட்டவள்தான், குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் மலையோ என்கிற பால் நுரை இனிப்புக்காக வரிசையில் நின்றவள்தான். எழுபது வயது வயிற்றிடம் போய் ஊர்ச் சுவை பற்றிப் பாடம் நடத்த முடியாது. அதுவுமில்லாமல் அந்தப் பகுதியில் தமிழ்க்காரர்கள் இருப்பது நேற்று டூரிஸ்டுக்காக வந்தது இல்லை. கேதார் காட்டில் இருக்கும் குமாரசாமி மடம் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவியது, கேதாரேஸ்வரர் கோவில் நிர்வாகம் அந்த மடத்திடம்தான். அனுமான் காட்டில் காஞ்சி மடம் இருக்கிறது. பாரதியார் 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அனுமான் காட்டில்தான். எங்கள் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், விஸ்வநாதர் வரிசையில் முணுமுணுத்துக்கொண்டே நின்றவர், பாரதி இருந்த வீட்டு வாசலில் மட்டும் அசையாமல் நின்றார். கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரமும் இருக்கிறது. அங்கிருந்து விஸ்வநாதர் பூஜைக்குச் சாமான்களை "சம்போ, சம்போ" என்று குரல் கொடுத்துக்கொண்டு எடுத்துப் போவார்கள், அந்த நேரம் அந்தப் பக்கம் இருந்தால் பாருங்கள். மடங்களிலும் சத்திரங்களிலும் யாருக்கு எப்போது அறை தருவார்கள் என்பதைப் போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள், நேரில் போய் நின்றால் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இப்போது அந்தக் கோபம். அம்மா ஆசையாக அறையைப் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, எல்லோரும் படிக்கிற மாதிரி, "அப்பாவை இந்த மாதிரி இடத்துலதான் தங்க வைப்பியா" என்று எழுதினார். ஒரு சித்தி, "அதான் பொண்ணை நம்பி காசிக்குப் போகக்கூடாதுங்கிறது, பையன் கூட்டிட்டுப் போகணும்" என்று தனியாக வாய்ஸ் மெசேஜ் வேறு. அப்பா சிராத்தம் செய்தது அவருடைய அப்பாவுக்கு. அதற்கு மகன் அவர்தான், அவர் வந்திருந்தார், அதற்கு மேல் எந்த மகன் வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆஸ்பத்திரி, பென்ஷன் லைஃப் சர்டிபிகேட், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பெண் போதும், காசிக்கு மட்டும் போதாது. இதே சித்திதான் நாங்கள் திரும்பியதும் முதல் ஆளாக வந்து கங்கைச் சொம்பு வாங்கிப் போனார், அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து. சரி, கேள்விக்கு வருகிறேன்.

நான் சொல்லும் பகுதியிலும் இரண்டு சங்கடங்கள் உண்டு. கேதார் காட்டுக்கும் அனுமான் காட்டுக்கும் நடுவில்தான் அரிச்சந்திர காட், அதாவது சுடுகாடு. கரையோரமாக நடந்தால் எரிகிற சிதைகளைத் தாண்டித்தான் போக வேண்டும், புகை அறை வரைக்கும் வருகிற நாளும் உண்டு. எங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கையைப் பிடித்தபடி கடந்தார். அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டால்தான் வந்தார். உங்கள் வீட்டில் எப்படி என்று நீங்கள் அவர்களிடமே கேட்டுவிடுங்கள், "அதெல்லாம் காசியில சகஜம்" என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். இன்னொன்று, கேதார் காட் படிகள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அழகான படிகள், ஆனால் செங்குத்து. முட்டி ஒத்துழைக்காதவர் என்றால் அஸ்ஸி காட் பக்கம் பாருங்கள். அங்கே ரோடு கிட்டத்தட்டக் காட் வரைக்கும் வருகிறது, இடம் விசாலம், காலையில் அங்கேயே ஆரத்தியும் பாட்டும் நடக்கிறது. விஸ்வநாதர் கோவில் தூரம், ஆனால் அஸ்ஸியிலிருந்து சோனார்புரா வழியாக கோதௌலியா பக்கம் ஈ-ரிக்‌ஷா ஓடுகிறது, பண்டிகை நாளில் அதையும் நிறுத்துவார்கள்.

மணிகர்ணிகா, சிந்தியா காட், பஞ்சகங்கா பக்கத்துச் சந்துகளில் தங்கச் சொல்லிச் சிலர் எழுதுவார்கள். பழைய காசி அங்கேதான் இருக்கிறது, மறுக்கவில்லை, நான் தனியாகப் போனால் அங்கேதான் தங்குவேன். எதிரே காளை வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து, ரிக்‌ஷாகூட நுழையாது, நடுராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும். 2021 டிசம்பரில் காரிடார் திறந்த பிறகு கோவிலிலிருந்து கங்கை வரைக்கும் அகலமான பாதை வந்துவிட்டது உண்மைதான், ஆனால் அது கோவில் வளாகத்துக்கு. சுற்றியிருக்கும் சந்துகள் பழைய அகலத்திலேயேதான் இருக்கின்றன.

"கங்கை தெரியும் அறை" என்று போட்டிருந்தால் எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா, வாசல் ரோட்டுப் பக்கமா படித்துறைப் பக்கமா என்று கேளுங்கள். கரையை ஒட்டிய கட்டடங்கள் பல பழைய மாளிகைகள், மாடிப்படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கங்கை ஏறினால் படித்துறைகள் முழுகிவிடும், படகை நிறுத்திவிடுவார்கள், ஆரத்தியே மொட்டை மாடிக்குப் போய்விடும். அந்த மாதங்களில் கரையோர அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. தேவ் தீபாவளி சமயத்தில் வாடகை எகிறும், அது வருகிற கார்த்திகைப் பௌர்ணமி (வடநாட்டுக் கணக்கில், நம் கார்த்திகை மாதக் கணக்கில் இல்லை) எப்போது என்று பார்த்துத் தள்ளிப் போடுங்கள்.

லங்கா, சிக்ரா என்கிற பகுதிகளைப் பற்றிக் கேட்டால், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் வேலை இருந்தால் லங்கா, இல்லையென்றால் இரண்டும் வேண்டாம்.

ரயிலில் போவதாக இருந்தால் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பாருங்கள். தெற்கிலிருந்து போகும் சில வண்டிகள் வாரணாசிக்குள் வராமல் முகல்சராயோடு போய்விடும். 2018இல் அதற்குப் பண்டிட் தீனதயாள் உபாத்யாய் சந்திப்பு என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலம் தாண்டி வர வேண்டும். இறங்கியதும் ஆட்டோக்காரர் "அந்த லாட்ஜ் மூடிட்டாங்க, வேற நல்ல இடம் இருக்கு" என்பார். லாட்ஜ்காரருக்கே போனைப் போட்டு ஆட்டோக்காரர் காதில் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் தங்கிய லாட்ஜ் பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம், சொன்னால் கமிஷன் வாங்குகிறேன் என்பீர்கள். நீங்களே போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவு வரைக்கும் எத்தனை நிமிட நடை, வழியில் எத்தனை படி, அறையில் வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா. மார்கழி, தையில் போவதாக இருந்தால் வெந்நீர் எத்தனை மணியிலிருந்து வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "இருபத்திநாலு மணி நேரமும்" என்று சொன்னால் காலை மூன்று மணிக்கு வருமா என்று இன்னொரு தடவை கேளுங்கள்.